ஏழாவது வரியில் ஒரு டிக்

"எல்லாம் இருக்கு. பல் டாக்டர் குடுத்த பேப்பர் எங்க?" என்று கேட்டார் சிஸ்டர்.

லிப்ட் மெக்கானிக்குக் கேள்வியே விளங்கவில்லை. எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று இரண்டு மாதமாக நாயாய் அலைந்து சேர்த்த காகிதங்களைத் துணிப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் அடுக்கியிருந்தான். பக்கத்து நாற்காலியில் அவன் மனைவி கைப்பிடியை இறுகப் பற்றியபடி, இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை காலை அவள் நெஞ்சைத் திறந்து, சுருங்கிப்போன வால்வை எடுத்துவிட்டுப் புதுசு வைக்கப் போகிறார்கள். புதன்கிழமை மாலை நாலு மணிக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். அன்று திங்கள்.

"சிஸ்டர், ஆபரேஷன் நெஞ்சுலதானே? வாய்ல ஒண்ணும் இல்லீங்களே?"

இந்தக் கேள்வியை அவர் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்க வேண்டும். சலித்துக்கொள்ளாமல் சொன்னார். "பல்லுல சீழ் இருந்தா, அந்தக் கிருமி ரத்தத்தோட போய்ப் புது வால்வுல உக்காந்துக்கும். உக்காந்துச்சுன்னா அதைக் கிளப்புறது லேசுப்பட்ட காரியம் இல்ல, உசுரே போயிடும். அதனால ஒரு பல் டாக்டர் வாயைப் பாத்து, சுத்தமா இருக்குன்னு எழுதிக் குடுக்கணும். நாங்க குடுத்த லிஸ்ட்ல ஏழாவது வரி. நீங்களே டிக் போட்டிருக்கீங்க, பாருங்க."

பார்த்தான். அவன் டிக்தான், சந்தேகமே இல்லை. லிஸ்ட் வந்த அன்றைக்கு, "உனக்குப் பல்லுல ஏதாச்சும் தொந்தரவு இருக்கா?" என்று கேட்டிருந்தான். "எனக்கென்ன கேடு? நூல் கடிச்சுக் கடிச்சு இரும்பா இருக்கு" என்றாள். போட்டுவிட்டான் டிக். ஒவ்வொரு லிப்டிலும் மாட்டியிருக்கும் சர்வீஸ் அட்டையில் மாதாமாதம் வரிசையாகப் பன்னிரண்டு டிக் போட்டுப் பழகிய கை. அதற்கு ஏழாவது வரியும் ஒன்றுதான், எட்டாவது வரியும் ஒன்றுதான்.

"இங்கயே ஒரு பல் டாக்டர் இருந்தா..."

"இல்லீங்க. வெளியதான் வாங்கிட்டு வரணும். புதன்கிழமை நாலு மணிக்கு அந்தப் பேப்பர் இல்லேன்னா இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும். மறுபடி எப்பக் கிடைக்கும்னு நான் சொல்ல முடியாது."

இதயடாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார், இதற்குமேல் தள்ளிப்போடாதீர்கள் என்று. காகிதங்களைத் திரும்பப் பையில் அள்ளிப் போட்டு, மனைவியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

மனைவி டெய்லர். ஒற்றை ஷட்டர் கடை, இரண்டு மெஷின், பள்ளிக்கூட யூனிபார்ம்தான் முக்கால்வாசி. துணி வாங்கும்போதே சாக்கட்டியால் அதன் ஓரத்தில் தேதி எழுதிவிடுவாள். எழுதிய தேதிக்குத் துணி தயாராக இருக்கும், தலைகீழாக நின்றாலும் ஒரு நாள் முன்னாலும் வராது, பின்னாலும் போகாது. யாராவது வந்து, "அக்கா, கொஞ்சம் அர்ஜென்ட்னு எழுதிக்குங்க" என்று கெஞ்சினால், "அர்ஜென்ட்னா ரெடிமேட் கடைக்குப் போங்க. எங்கிட்ட எல்லாருக்கும் வரிசைதான்" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். இருபது வருஷத்தில் ஒரு துணியிலும் அவள் அந்த வார்த்தையை எழுதியதில்லை. அதில் அவளுக்குப் பெருமை.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் தம்பி பார்சல் வேனோடு நின்றிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான். "இவ்வளவுதானா மாமா? தெருவுக்கு நாலு பல் டாக்டர் போர்டு நான் பாக்குறேன். ஏறுங்க, சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடலாம்."

போர்டுகளுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் பல் டாக்டர்களுக்கும் மாடிப்படிகளுக்கும் என்ன பூர்வஜென்ம பந்தமோ தெரியவில்லை, ஒரு டாக்டராவது தரையில் இருக்க வேண்டுமே! கீழே மருந்துக்கடை, செல்போன் கடை, மேலே பல். நாலு படி ஏறினால் உதடு நீலம் பாய்கிற பெண்ணை வேனில் உட்காரவைத்துவிட்டு அவன் மட்டும் ஏறினான். முதல் இடத்தில் வரவேற்பில் இருந்த பெண் நிமிரவே இல்லை.

"அப்பாயின்ட்மென்ட் இருக்கா?"

"உசுரு போற விஷயம்மா."

"வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வாங்க."

வியாழன் தாண்டித்தான் வெள்ளி வருகிறது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. இறங்கிவிட்டான்.

இரண்டாவது இடம் தரைத்தளம். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர்ச்சி, சுவர் முழுக்கச் சிரிக்கிற வாய்கள். மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனான். உள்ளிருந்த டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார். "நான் கோணல் பல்லுக்குக் கம்பி போடுற டாக்டருங்க. பல் டாக்டர்னா ஒண்ணு இல்ல. சொத்தை அடைக்க, பல்லைச் சுத்தம் பண்ண எல்லா டாக்டரும் பண்ணுவாங்க. வேர் சிகிச்சைக்குத் தனி, ஈறுக்குத் தனி, சிக்கலான பல்லை எடுக்கத் தனின்னு பிரிச்சுப் படிச்சிருப்போம். இதய நோயாளி வாயை முழுசாப் பாத்து எழுதிக் குடுக்கணும்னா, அந்த அனுபவம் இருக்கிறவங்கதான் வேணும்."

அவனுக்குச் சட்டென்று புரிந்தது. லிப்டிலும் அப்படித்தான், மோட்டார் பார்க்கிறவன் கதவைத் தொடமாட்டான். ஆனால் புரிந்ததால் ஒரு பிரயோசனமும் இல்லை. மணி இரண்டு ஆகிவிட்டது.

மூன்றாவது இடம் பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. லிப்ட் உண்டு. அதில் 'பழுது' என்று ஓர் அட்டை தொங்கியது.

அந்த அட்டையைப் பார்த்து அவனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "நான் லிப்ட் மெக்கானிக்" என்று காவலாளியிடம் அடையாள அட்டையை நீட்டிவிட்டுக் கதவைத் திறந்து பார்த்தான். கையால் இழுத்து மூடுகிற பழைய கதவு. கதவு மூடியிருக்கிறது என்று லிப்டுக்குச் சொல்கிற சின்னப் பித்தளைத் தகடு தேய்ந்துபோயிருந்தது. தகடு தொடாமல் லிப்ட் நகராது, நகரவும் கூடாது. கதவு திறந்திருக்கும்போது லிப்ட் ஓடினால் யாராவது வெறும் குழிக்குள் கால் வைப்பார்கள். தொழிலுக்கு வந்த முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் இது. அந்தப் பாடத்தை அவனே பத்துப் பேருக்குச் சொல்லித் தந்திருக்கிறான். சட்டைப்பையிலிருந்து விரல் நீள ஒயர் ஒன்றை எடுத்து, தகடு தொட வேண்டிய இரண்டு முனைகளையும் இணைத்தான். கதவு எப்போதும் மூடியிருப்பதாக லிப்ட் நம்பிவிட்டது. அட்டையைக் கழற்றிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு மனைவியை லிப்டில் ஏற்றினான். இறங்கியதும் ஒயரை எடுத்துவிடலாம், பத்து நிமிஷம்தானே என்று நினைத்தான்.

மேலே டாக்டர் அவள் வாயைக்கூடப் பார்க்கவில்லை. மாத்திரைப் பட்டியலைத்தான் பார்த்தார். "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்களே. நான் கை வச்சு ரத்தம் நிக்கலேன்னா என்ன பண்றது? வேண்டாம் சார். பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"பாத்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டீங்கன்னா..."

"பாத்துட்டா நான் பொறுப்பு."

வெளியே வந்தபோது அவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மனைவி லிப்ட் சுவரில் சாய்ந்துகொண்டு, "விடுங்க, நாளைக்குப் பாக்கலாம்" என்றாள். இருக்கிறதே ஒரே ஒரு நாளை. அவளை வேனில் ஏற்றி, பெல்ட் போட்டு, தண்ணீர் கொடுத்து, கிளம்பிவிட்டான். ஒயர் அங்கேயே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பெரிய பல் ஆஸ்பத்திரி வரிசையில் மூன்று மணி நேரம் நின்றான். மூன்று வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் சிலையாக நின்றவனைத் தம்பி வந்து உலுக்கினான்.

"மாமா, சந்தைப் பக்கம் பல் டாக்டர் பெரியவர் ஒருத்தர் இருக்காராம். எங்க டிரைவர் ஒருத்தன் சொன்னான். கேட்டா எழுதிக் குடுத்துடுவாராம். நமக்குப் பேப்பர்தானே வேணும்?"

ஆமாம், பேப்பர்தானே வேணும். மூழ்குகிறவன் பிடித்துக்கொள்வதற்கு என்ன மரம் என்றா பார்ப்பான்?

சந்தைப் பெரியவருக்குக் கை நடுங்கியது, குணம் தங்கம். டார்ச் அடித்து, "ஆ காட்டும்மா" என்றார். அவள் காட்டினாள். ஐந்து எண்ணுவதற்குள் டார்ச் அணைந்துவிட்டது. "வலி கிலி ஏதும் உண்டா?" "ஒண்ணும் இல்லீங்க." "பின்ன என்ன, நல்லாத்தானே இருக்கு." ஆறு கேள்விகள் அச்சடித்த தாளில் மளமளவென்று பேனாவை ஓட்டி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திவிட்டார். மெக்கானிக் அவர் காலில் விழாத குறை. வேனில் மூன்று பேரும் பைத்தியம் பிடித்த மாதிரி சிரித்தார்கள். வழியில் நிறுத்தி டீ குடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மெஷின்முன் உட்கார்ந்தாள். ஒரே ஒரு காலர் பாக்கியாம், தேதி எழுதிக் கொடுத்தாயிற்றாம். அவன் கட்டிலில் உட்கார்ந்து, பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலரை முடித்தாள். நூலைக் கடித்தாள். இடது பக்கத்துப் பல்லால்.

கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறான். அவள் நூலைக் கடிப்பது வலது பக்கம். தலை வலது பக்கம் சாயும், பட்டென்று ஒரு சத்தம் வரும். இன்றைக்குத் தலை அந்தப் பக்கம் சாய்ந்தது, நின்றது, இந்தப் பக்கம் வந்தது. டீயையும் இடது பக்கம் ஒதுக்கித்தான் குடித்தாள் என்பது இப்போது ஞாபகம் வந்தது.

பேப்பரைப் பிரித்தான். ஆறு கேள்விகள், ஆறு டிக். எல்லாம் ஒரே சாய்வு, ஒரே நீளம், பேனாவை எடுக்காமலே இழுத்துக்கொண்டே போன டிக்குகள். அவனுக்கு இந்த மாதிரி டிக்கை நன்றாகத் தெரியும். பார்த்துப் போடுகிற டிக் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும், நடுவில் நிற்கும், மை திட்டாகும். பார்க்காமல் போடுகிறவை மட்டும்தான் இப்படி அணிவகுத்து நிற்கும். பத்து மாடி ஏறிப் பார்க்கச் சோம்பல்பட்டு, கீழேயே நின்று அவன் போட்ட டிக்குகள் எத்தனை லிப்டில் தொங்குகின்றன!

அப்போதுதான் ஒயர் ஞாபகம் வந்தது.

நேற்று மத்தியானத்திலிருந்து, ஒரு நாளைக்குமேல், அந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் கதவைத் திறந்திருப்பார்கள், எத்தனை பேர் பார்க்காமல் கால் வைத்திருப்பார்கள்! "இதோ வந்துடறேன்" என்று காவலாளியிடம் சொன்னானா சொல்லவில்லையா என்றுகூட அவனுக்குத் தெரியாது. பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். வழியெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு போனான்.

மணி ஐந்தரை. வெயில் இன்னும் இருந்தது. கட்டடத்தின் முன்னால் கூட்டம் இல்லை, காவலாளி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "வாங்க சார். உங்க புண்ணியத்துல லிப்ட் ஜோரா ஓடுது. கதவைச் சாத்தாட்டியும் போகுது!" என்றார் சந்தோஷமாக. மின்சாரத்தை நிறுத்தி, ஒயரைப் பிடுங்கி, 'பழுது' அட்டையை மறுபடி மாட்டினான்.

படியில் ஒரு பெண் இறங்கி வந்தார். தோளில் பெரிய பை, நரை ஓடிய கொண்டை. "காலைல வரும்போது நல்லாத்தானே ஓடிச்சு. ஏன் நிறுத்திட்டீங்க?"

"நல்லா ஓடல மேடம். நான்தான் நேத்து ஒயர் போட்டு ஏமாத்தி வச்சிருந்தேன்" என்றான். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. வால்வு, ஏழாவது வரி, மாடிப்படிகள், டார்ச் லைட் எல்லாம் கொட்டிவிட்டான். நடுவில் அழுதும் விட்டான். காவலாளி செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

அந்தப் பெண் மூன்றாம் மாடிக்கு வாரத்தில் இரண்டு நாள் வரும் பல் டாக்டர். சிக்கலான கேஸ்களுக்கென்று அவரைக் கூப்பிடுவார்களாம், நேற்றுப் பார்த்த டாக்டர் அதைச் சொல்லவே இல்லை. சந்தைப் பெரியவர் கொடுத்த பேப்பரை வாங்கிப் படித்தார். "எக்ஸ்ரே எடுத்தாங்களா?"

"டார்ச் அடிச்சாங்க."

"உங்க மனைவிக்குப் பல் வலி இருக்கா?"

"இல்லேன்னு சொல்றா மேடம். ஆனா நூலை இடது பக்கம் கடிக்கிறா."

அவர் பேப்பரை மடித்து அவனிடம் திருப்பிக் கொடுத்தார். "காலைல எட்டரைக்குக் கூட்டிட்டு வாங்க. ரத்தம் உறையற டெஸ்ட் எடுத்திருப்பாங்க, அந்தப் பேப்பரை மறக்காதீங்க. இதயடாக்டர் நம்பரும் வேணும். மாத்திரை எதையும் நீங்களா நிறுத்தாதீங்க."

வீட்டில் அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. "கையில இருக்கிற பேப்பரை வச்சுக்கிட்டு வேற எதுக்குங்க அலையணும்?"

"வலிக்குதா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"இல்ல."

"வலது பக்கம் கடி பாக்கலாம்."

அவள் முறைத்தாள். பிறகு முகம் கோணிக்கொண்டது. "நாலு மாசமா வலிக்குது. மாத்திரை போட்டா அடங்கிடும். இன்னிக்குக் காலைலயும் ரெண்டு போட்டுக்கிட்டுத்தான் வந்தேன். சொன்னா என்ன ஆகும்? புடுங்கணும்பாங்க, தேதி தள்ளிப்போகும். என்னால முடியலைங்க. படுத்தா மூச்சு முட்டுது, தலகாணியை அடுக்கி உக்காந்துக்கிட்டே தூங்குறேன். இன்னும் ஒரு மாசம் இப்படி இருன்னு சொல்லாதீங்க." அவள் அழவில்லை, அழுவதற்கு மூச்சுப் போதவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

அவன் ஒயர் கதையைச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "யாரும் விழலியே?" என்றாள். "விழல." "சரி. காலைல போலாம். பாக்க மட்டும்தான்."

காலையில் லிப்ட் நின்றுபோயிருந்தது, அவன் நிறுத்தியதுதான். காவலாளி தன் நாற்காலியைக் கொடுத்தார். அதில் அவளை உட்காரவைத்து, அவன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். "என்னைப் பாத்தா பீரோ மாதிரி இருக்கா, ரெண்டு பேரும் மாடிக்கு ஏத்துறீங்க?" என்றாள். தம்பி சிரிக்கப் போய் நாற்காலியை நழுவவிடப் பார்த்தான்.

டாக்டர் அவள் வாயை அரைமணி நேரம் பார்த்தார். கண்ணாடி, ஊசிமுனை, தட்டிப் பார்க்க ஒரு சின்னக் கம்பி. எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு இரண்டு பேருக்கும் காட்டினார். "வலது பக்கத்து முன்பல்லுல இந்தச் சின்னப் பள்ளம் நூல் கடிச்சு வந்தது, ஆபத்தில்ல. ஈறு ஓரமா காரை படிஞ்சிருக்கு, சுத்தம் பண்ணிடலாம். மேல் பல்லுல லேசான சொத்தை, சுரண்டி அடைச்சா போதும். இதுதான் சமாச்சாரம்." கீழ் வலது கடைவாய்ப்பல்லின் வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம். "சீழ்."

"வேர் சிகிச்சைன்னு சொல்றாங்களே மேடம்?" என்றான் மெக்கானிக்.

"அது பல்லை வச்சுக்கிட்டே, உள்ள கெட்டுப்போன நரம்பை எடுத்து, கழுவி, அடைச்சு, மேல கேப் போடுறது."

"பைப்பை உடைக்காம உள்ள கருகின ஒயரை மட்டும் உருவுற மாதிரி."

"அதேதான். ஆனா இங்க பைப்பே பிளந்திருக்கு. பல் நடுவுல விரிசல், அடைச்சாலும் நிக்காது. எடுத்துத்தான் ஆகணும்." டாக்டர் ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "எடுத்தா நாளைக்கு ஆபரேஷன் இல்லம்மா. இதயடாக்டர்கிட்ட இப்பதான் போன்ல பேசினேன். காயம் ஆற பத்து நாளாவது வேணும்கிறார். அதுக்கப்புறம் இடம் எப்பன்னு அவருக்கே தெரியல. உங்க கையில ஒரு பேப்பர் இருக்கு. அதைக் காட்டினா நாளைக்கே நடந்துடும், நான் தடுக்க முடியாது. ஆனா அவர் நெஞ்சைத் திறக்கிறப்ப இந்தச் சீழ் இங்கதான் இருக்கும்."

"பத்து நாள் தாங்குவாளா டாக்டர்?" என்றான் அவன்.

"தெரியாது. தெரியும்னு சொன்னா நானும் டார்ச் அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுற ஆளு. இதை வச்சுக்கிட்டுப் புது வால்வு போடக் கூடாதுங்கிறது மட்டும் தெரியும்."

அவன் மனைவியின் முகத்தையே பார்த்தான். 'நாளைக்கே' என்று அவள் சொன்னால் நாளைக்கே என்று மனதுக்குள் தீர்மானித்துவிட்டான், அவ்வளவு பயம் அவனுக்கு. அவள் எக்ஸ்ரேயில் இருந்த கறுப்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணியில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பாளே, அதே பார்வை.

"உள்ள கிழிசலை வச்சுக்கிட்டு மேல லைனிங் வச்சு நான் தச்சுக் குடுத்ததில்ல டாக்டர்" என்றாள். "எடுத்துடுங்க."

பிறகு அவன் பக்கம் திரும்பி, "அந்தப் பேப்பரைத் தூக்கிப் போடாதீங்க. என் மெஷின்ல ஒரு கால் ஆடுது, மடிச்சு அடியில வச்சுக்கலாம்" என்றாள்.

கிருமி பரவாமலிருக்க மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டார்கள். அவன் வெளியே நின்று கதவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ரத்தம் நிற்க வெகு நேரம் பிடித்தது. இரண்டு தையல் போட்டு, பஞ்சை வைத்து, "கெட்டியாக் கடிச்சுக்கணும். பேசவே கூடாது" என்றார் டாக்டர். டாக்டர் எழுதிக் கொடுத்த பேப்பரில் ஒரு டிக்கூட இல்லை. பதினோரு வரி எழுதியிருந்தார், இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தார்.

மூன்றே முக்கால் மணிக்கு ஆஸ்பத்திரிக் கவுன்டரில் அதை நீட்டினான். சிஸ்டர் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, வியாழக்கிழமைப் பக்கத்தில் அவள் பெயரை அடித்தார். அந்தக் கோடு விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்டது.

"நல்ல காரியம் பண்ணீங்க" என்றார் சிஸ்டர். "ஆனா அடுத்த இடம் இருபத்தெட்டாம் தேதிதான் காலியா இருக்கு. மூணு வாரம். நடுவுல, பத்து நாளுக்கப்புறம், யாராவது வராமப் போனா முதல் போன் உங்களுக்குத்தான். மூச்சு அதிகமாத் திணறினா எந்த நேரமானாலும் தூக்கிட்டு வந்துடுங்க."

"அதுவரைக்கும்..." என்று ஆரம்பித்தான். சிஸ்டர் பேனாவை எடுத்து, அவன் போன் நம்பரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

தம்பி வேனை எடுத்துவரப் போனான். மெக்கானிக் மனைவியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். "இருபத்தெட்டாம் தேதியாம்" என்றான். "நான் அன்னிக்கே ஒழுங்காப் பாத்து டிக் போட்டிருந்தா, ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே எடுத்திருப்பாங்க. நாளைக்கு உனக்கு ஆபரேஷன் நடந்திருக்கும். நான்தான்மா..."

அவளால் பேச முடியாது. பஞ்சைக் கடித்திருந்தாள், கன்னம் உப்பியிருந்தது. கைப்பையைத் திறந்து எதையோ துழாவினாள். சாக்கட்டி. அவன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவனுடைய கருநீல யூனிபார்ம் சட்டையின் கைமேல், துணி வாங்கும்போது எழுதுவாளே அதே மாதிரி, எழுதினாள். 28.

எழுதிவிட்டு மூச்சு வாங்கினாள். சாக்கட்டியைப் பைக்குள் போடப் போனவள் போடவில்லை. மறுபடி குனிந்து, தேதிக்குக் கீழே, எழுத்துக் கூட்டி எழுதுகிறவளைப் போல மெதுவாக எழுதினாள். அர்ஜென்ட்.

அவன் அதைப் படித்தான். வேன் வந்து நின்று, தம்பி இரண்டு தடவை ஹாரன் அடித்த பிறகும், அந்தக் கையை மடக்காமல் அப்படியே நீட்டி வைத்திருந்தான்.